கல்யாண முருங்கை ஊர்: சுவான்சோ நாட்குறிப்பு

நாள் 1

சீனாவின் சியாமென் விமான நிலையத்தில் அண்ணன் வந்து காத்திருந்தார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, கிருஷ்ணகிரிக்காரர். பதினைந்து வருடமாகக் கருங்கல் பிளாக் ஏற்றுமதி செய்கிறார். வருடத்துக்கு நாலைந்து தடவை இந்தப் பக்கம் வருகிறவர், இந்தத் தடவை என்னையும் இழுத்துக்கொண்டார். “கோயில் கோயிலா நீ பாரு தம்பி, நான் கல்லு பாக்கறேன்” என்பதுதான் ஒப்பந்தம்.

அங்கிருந்து சுவான்சோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. இறங்கியதும் முதல் அடி: என் கைபேசியில் பணம் கட்டும் செயலி நம் ஊர் அட்டையை ஏற்கவில்லை. தேநீர்க் கடையில் தாளை நீட்டினால் அந்தப் பெண் அதைத் தொல்பொருள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். காகிதப் பணத்தை உலகத்துக்கே காட்டிய நாடு இது! கடைசியில் அண்ணன்தான் கட்டினார். ஆறு நாளும் அவர்தான் கட்டப்போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்டவர் மதிலைச் சுற்றி ‘சித்தோங்’ மரங்களை நடவைத்தாராம். அதனால் ஊருக்கே சித்தோங் என்று ஒரு பெயர். அராபியர் வாயில் அது ‘சைத்தூன்’ ஆனது. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் எழுதிய துறைமுகம் அதுதான். மேற்கே போன இந்த ஊர்ப் பட்டுத் துணியிலிருந்துதான் ‘சாட்டின்’ என்ற சொல் வந்தது என்பார்கள்.

சரி, சித்தோங் என்ன மரம்? விடுதிக்கு எதிரே ஒன்று நின்றது. அண்ணன் இலையைக் கிள்ளிப் பார்த்தார். “ஏப்பா, இது நம்ம கல்யாண முருங்கை!” வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும், சளிக்கு அடை தட்டும் பாட்டிகளுக்கும் தெரிந்த அதே மரம். இப்படியாக உலகப் புகழ்பெற்ற சைத்தூன் எனக்குக் கல்யாண முருங்கை ஊர் ஆகிவிட்டது.

நாள் 2

கையுவான் புத்த கோயில். 686-இல் தொடங்கியது. காலை ஏழு மணிக்கே ஊதுபத்திப் புகை. இரண்டு பக்கமும் கல் கோபுரங்கள், ஐந்தைந்து நிலை. கிழக்கே இருப்பது 48 மீட்டர், மேற்கே இருப்பது அதைவிடக் கொஞ்சம் குட்டை. மரத்தில் கட்டி எரிந்து, மறுபடி கட்டி எரிந்து, கடைசியில் 1228 முதல் 1250 வரை கல்லிலேயே எழுப்பிவிட்டார்கள். 1604-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தைத் தாங்கி நிற்கின்றன. மேற்குக் கோபுரத்தில் கத்தி ஏந்திய குரங்கு முகம் ஒன்று உண்டு. நான் “அனுமார்” என்றேன். பக்கத்தில் நின்ற சீனச் சிறுவன் “சுன் ஊகோங்” என்று கத்தினான், அவர்கள் கதையில் வரும் குரங்கு அரசன். இருவரும் சிரித்துவிட்டு அவரவர் வழியில் போனோம்.

பெரிய மண்டபத்துக்கு இங்கே நூற்றுக்கால் மண்டபம் என்று பெயர். எண்ணினால் 86 தூண்தான். ஆயிரங்கால் மண்டபங்களின் கணக்கு தெரிந்த நமக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

நான் தேடி வந்தவை அந்த மண்டபத்தின் பின்புறம் இருக்கின்றன. பதினாறு பட்டை கொண்ட இரண்டு தூண்கள். வட்ட வட்டமான சிற்பங்கள். முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை. அப்புறம் ஒரு வட்டத்தில் யானை, அதன் காலில் முதலை. கஜேந்திர மோட்சம்! அதற்குப் பிறகு கடகடவென்று எல்லாம் தெரிய ஆரம்பித்தது. நரசிம்மர். மருத மரங்களுக்கு நடுவே குட்டிக் கண்ணன். காளிங்கன் தலையில் கண்ணன். புத்தருக்கு முதுகு காட்டி, பாகவதம் மௌனமாக நடந்துகொண்டிருக்கிறது.

அண்ணன் கதையைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். தூணில் உள்ளங்கையை வைத்துவிட்டு, காவலர் முறைத்ததும் எடுத்துக்கொண்டார்.

“இது நம்மூர்லருந்து வந்த கல்லு இல்ல தம்பி. இந்த ஊர்ப் பச்சைக் கல்லு. இங்கேயே செதுக்கியிருக்கான்.”

“எப்படிண்ணே சொல்றீங்க?”

“பதினஞ்சு வருசமா கல்லோட குடித்தனம் பண்றேன்ல.”

அவர் சொன்னது சரி. ஆய்வாளர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கதையைச் சொன்னவர் தமிழ் வணிகராக இருந்திருப்பார், உளியைப் பிடித்த கை உள்ளூர்க் கை. கண்ணனின் கொஞ்சம் சப்பையான முகத்துக்கு அதுதான் காரணம். இந்தத் தூண்கள் இங்கே கிடந்த ஒரு சிவ, விஷ்ணு கோயிலின் இடிபாட்டிலிருந்து வந்தவை. மங்கோலியருக்குப் பின் வந்த மிங் அரசர் காலத்தில் புத்த கோயிலைப் பழுது பார்த்தபோது, நல்ல தூண்கள் சும்மா கிடக்கின்றனவே என்று தூக்கி நிறுத்திவிட்டார்கள். மண்டபத்தின் முன் மேடையில் மனிதத் தலையும் சிங்க உடலுமாக வரிசையாக வரும் பலகைகளும் அதே இடிபாட்டுச் சரக்குதான்.

கோயில் வளாகத்திலேயே ஒரு கப்பல் இருக்கிறது. 1974-இல் ஹௌசூ துறையில் சேற்றைத் தோண்டி எடுத்தது. மிஞ்சியிருக்கும் அடிப்பாகமே 24 மீட்டர் நீளம். உள்ளே 13 அறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக அடைக்கப்பட்டவை. ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்கும். சரக்கு என்ன தெரியுமா? இரண்டு டன்னுக்கு மேல் வாசனை மரம், மிளகு, சாம்பிராணி, சோழி, பாதரசம், கொட்டைப்பாக்கு. நாட்டு மருந்துக் கடையைத் தூக்கிக் கப்பலில் வைத்த மாதிரி இருக்கிறது. சரக்குக்குக் கட்டிய மரச் சீட்டுகள்கூடக் கிடைத்திருக்கின்றன, யார் சரக்கு எது என்று எழுதி. கிடைத்த காசுகளில் கடைசிக் காசு 1271-ஐச் சேர்ந்தது. மங்கோலியருக்கு முன் ஆண்ட சோங் அரசு சாய்ந்துகொண்டிருந்த வருடங்களில் தெற்கிலிருந்து திரும்பி வந்த கப்பல், கரைக்கு வந்தும் கரை சேராமல் போயிருக்கிறது.

அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் சைத்தூனுக்கு நூறு கப்பல் வரும் என்று மார்க்கோ போலோ எழுதியதைப் படித்தபோது, சந்தைக்காரன் பேச்சு என்றுதான் நினைத்தேன். இந்தக் கப்பலின் வயிற்றைப் பார்த்த பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

நாள் 3

தூமென் தெருவில் சிங்ஜிங் பள்ளிவாசல். ஹிஜ்ரி 400-இல், அதாவது 1009-ஐ ஒட்டிக் கட்டியது. 1310-இல் ஷிராஸ் நகரத்து அகமது என்பவர் செப்பனிட்டார். இதைச் சொல்லும் அரபுக் கல்வெட்டு வாசலுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. வாசல் அசல் பாரசீகம்: கூம்பிக் கூம்பி உள்ளே போகும் கல் வளைவுகள். தொழுகைக் கூடத்துக்கு மட்டும் கூரை இல்லை. என்றோ விழுந்தது, திரும்பப் போடவில்லை. தூண்களின் அடிக்கற்களுக்கு நடுவே புல். நான் நின்றபோது தூறல் விழுந்தது.

அதே தெருவில், கூப்பிடு தூரத்தில், குவான் யூ கோயில். போர்வீரராக இருந்து தெய்வமானவர், வணிகர்களுக்கு இஷ்ட தெய்வம். நம்ம மதுரைவீரன், காத்தவராயன் வகை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே புகையில் கண் திறக்க முடியவில்லை. பள்ளிவாசலில் எங்களோடு இருந்தவர்கள் நாலு பேர்.

பள்ளிவாசலில் ஒரு கல் என்னை நிறுத்திவைத்தது. 1407-இல் மிங் பேரரசர் யோங்லே போட்ட ஆணை. முஸ்லிம்களை யாரும் துன்புறுத்தக்கூடாது, மீறினால் தண்டனை. இது ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் கதை முந்நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போகிறது.

1087-இல் சோங் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் திறந்தது. கப்பல் வந்ததும் சோதனை, வரி, உரிமச் சீட்டு எல்லாம் அங்கேதான். வணிகம் பெருத்தது, வெளிநாட்டார் பெருத்தார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டில் அந்தத் துறையையே கையில் வைத்திருந்தவர் பூ ஷோகெங், மேற்கிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் வணிகக் குடும்பத்தார் என்கிறார்கள். மங்கோலியர் துரத்த, சோங் அரசவை தெற்கே கடலோரமாக ஓடி வந்து இவர் ஊர் வாசலில் நின்றது. கப்பல் வேண்டும் என்றது, எடுக்கவும் செய்தது. இவர் கதவைச் சாத்தினார். ஊருக்குள் இருந்த அரச குலத்தாரைக் கொன்றுவிட்டு மங்கோலியர் பக்கம் போய்விட்டார். குப்லாய் கானுக்குத் தரைப்படை இருந்தது, கடல் தெரியாது. கடல் தெரிந்த ஊரே கையில் வந்து விழுந்தது.

எனக்கு பூ ஷோகெங்கைத் துரோகி என்று சொல்லவும் மனம் வரவில்லை, கெட்டிக்காரர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அண்ணன் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார்: “எந்த ஆட்சி வந்தாலும் கண்டெய்னர் நகரணும், அவ்ளோதான்.”

மதியம் லிங்ஷான் மலையில் இருக்கும் முஸ்லிம் அடக்கத்தலத்துக்குப் போனோம். நபிகள் நாயகத்தின் சீடர்கள் இருவர் இங்கே அடங்கியிருப்பதாக ஒரு மிங் கால நூல் சொல்கிறது. நம்புகிறவர்கள் நம்புகிறார்கள். 1417-இல் மிங் கடற்படைத் தலைவர் சங் ஹ தன் ஐந்தாம் கடல் பயணத்துக்கு முன் இங்கே வந்து ஊதுபத்தி ஏற்றிய செய்தி ஒரு சிறு கல்லில் இருக்கிறது. மழை வலுத்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

நாள் 4

கடல்சார் வரலாற்று அருங்காட்சியகம். காலை ஒன்பதுக்குப் போய் நான்கு மணிக்கு வெளியே வந்தேன். அண்ணன் பதினொன்றுக்கே கழன்றுவிட்டார்.

மதக் கற்களுக்கென்று ஒரு கூடம். அரபு எழுத்து நிறைந்த கல்லறைக் கற்கள் ஏராளம். கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவர்களின் கற்கள்: தாமரை மேல் சிலுவை, அதைத் தாங்கும் இறக்கை வைத்த தேவதை. தேவதைக்குச் சீன முகம், கீழே மேகச் சுருள். சிரியாக் எழுத்து ஒன்றில், மங்கோலியரின் பக்ஸ்பா எழுத்து இன்னொன்றில். பெருஜியா ஊர் அந்திரேயா என்ற கத்தோலிக்க ஆயரின் லத்தீன் கல்லறைக் கல், 1332 என்று வாசிக்கிறார்கள். அந்திரேயா 1326-இல் இங்கிருந்து ஊருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பேரரசர் படிப்பணம் தருகிறார், யாரும் அவரவர் மதப்படி வாழலாம், தடையில்லாமல் போதிக்கலாம், ஆனால் யூதரிலும் முஸ்லிம்களிலும் ஒருவர்கூட மதம் மாறவில்லை என்று அதில் அலுத்துக்கொள்கிறார். அறுநூறு வருடத்துக்கு மேலான அலுப்பு, இப்போதும் சூடு குறையவில்லை.

அப்புறம் நம் கற்கள். லிங்கத்தின் மேல் பூச்சொரியும் யானை, தூண் போதிகைகள், கோபுரத் துணுக்குகள். கோயில் ஒன்று முழுதாக நின்று பிறகு உதிர்ந்துபோயிருக்கிறது என்பது ஒவ்வொரு துண்டிலும் தெரிகிறது. அந்தக் கோயிலுக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு தமிழ்க் கல்வெட்டு 1956-இல் கிடைத்தது. அதன் படத்தை ஊரிலிருந்தே கைபேசியில் கொண்டுவந்திருந்தேன். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நாள். அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் திருமேனி நலத்துக்காக, கானின் ‘பருமான்’படி சிவனை எழுந்தருளச் செய்தார். கடைசியில் சீன எழுத்தில் ஒரு வரி. செகசை கான் என்பது குப்லாய்க்கு வழங்கிய செச்சன் கான் பட்டம்தான் என்பது பலர் கருத்து.

பருமான் என்ற சொல்லைக் கவனியுங்கள். பாரசீகச் சொல், அரசாணை. மங்கோலியப் பேரரசருக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று, சீனத் துறைமுகத்தில், பாரசீகப் பெயருள்ள அனுமதிச் சீட்டோடு, தமிழில் கல் வெட்டி, சிவனைக் குடிவைத்திருக்கிறார் ஒரு மனிதர். இந்த ஊரில் மதம் பரப்ப வந்தவர்களைவிடச் சரக்கு பரப்ப வந்தவர்களே அதிகம். சரக்கு விற்றுக் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கிறவனுக்குச் சாமி தேவை, செத்தால் புதைக்க இடம் தேவை. அரசுக்கு வரி தேவை. அந்த மூன்றும் ஒத்துப்போனவரை எல்லாச் சாமிக்கும் பருமான் கிடைத்தது.

ஒத்துப்போகாமல் போனது 1357-இல். பாரசீகக் காவற்படை கலகம் செய்து ஊரைப் பிடித்தது, தங்களுக்குள்ளும் அடித்துக்கொண்டது. 1366-இல் கலகத்தை அடக்கியபோது ஊரிலிருந்த அயலார் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த மிங் அரசு 1371-இல் தனியார் கடல் வணிகத்துக்கே தடை போட்டது. யோங்லேயின் ஆணைக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பது இப்போது புரியும்.

கோயில், கல்லறை, தேவாலயம் எல்லாவற்றின் கல்லும் பிறகு நகர மதிலைப் பழுது பார்க்கப் போனது. சிலுவையும் லிங்கமும் பிறையும் ஒரே சுண்ணாம்பில். 1930-40களில் மதிலை இடித்தபோது அவை வெளியே வந்தன. ஊ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர், கல்தச்சர்கள் அவற்றை உடைத்து வேறு வேலைக்கு எடுப்பதைப் பார்த்து, சொந்தக் காசில் வாங்கி வீட்டில் அடுக்க ஆரம்பித்தார். பிறகு அத்தனையையும் அரசுக்கே கொடுத்தார். 1957-இல் அவருடைய நூல் வந்த பிறகு இந்தக் கற்களை வெளியுலகம் பரவலாக அறிந்தது. எனக்கு இந்தப் பயணத்தின் கதாநாயகர் குப்லாயும் இல்லை, மார்க்கோ போலோவும் இல்லை. வாத்தியார்தான்.

இரவு தூக்கம் வரவில்லை. என் ஊர் நாகப்பட்டினம். அங்கே கடலோரத்தில் ‘புதுவெளிக் கோபுரம்’ என்று ஒரு செங்கல் கோபுரம் நின்றது. சீனக் கோபுரம் என்றும் சொல்வார்கள். 1867-இல் இடித்துவிட்டார்கள். வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, தமிழ்க் கரையில் பார்த்த ஒரு செங்கல் கோபுரத்தில் 1267-இல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்து இருந்தது என்று எழுதியிருக்கிறார். அதுவும் இதுவும் ஒன்றுதானா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அவர் அதை எழுதிய 1349-இல், அந்த நூல் சேர்க்கப்பட்டது சுவான்சோ ஊர் வரலாற்றோடு. அங்கே அவர்கள் கோபுரம், இங்கே நம்மவர் கோயில், பதினான்கு வருட வித்தியாசம். நம் கோபுரத்துக்கு ஒரு வாத்தியார் வாய்க்கவில்லை.

நாள் 5

ஜின்ஜியாங் பக்கம் ஒரு குன்றுச் சரிவில் ‘புற்குடில்’ என்று ஒரு சிறு கோயில். உள்ளே பாறையிலேயே செதுக்கிய உருவம், ஒன்றரை மீட்டர் உயரம், 1339. நீண்ட தாடி, தோளில் விழும் முடி, பின்னால் கதிர் கதிராக ஒளி. முகத்துக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம். கல்லின் இயற்கை நிறத்தையே பார்த்துச் செதுக்கியிருக்கிறான். அண்ணன் இதற்குத்தான் முதல்முறையாக வாயைப் பிளந்தார்.

இவர் புத்தர் இல்லை, மானி. 216-இல் மெசொப்பொத்தேமியாவில் பிறந்தவர். சரதுஸ்திரர், புத்தர், இயேசு மூவரையும் தனக்கு முன்னோடிகள் என்றார். பாரசீக அரசு அவரைச் சிறையில் சாகடித்தது. புனித அகுஸ்தீன் இளமையில் ஒன்பது வருடம் இவர் மார்க்கத்தில் இருந்தார். எட்டாம் நூற்றாண்டில் உய்குர் பேரரசு இதையே அரச மதமாக்கியது. அந்த ஆதரவு விழுந்ததும் 843-இல் சீனாவை ஆண்ட தாங் அரசு பாய்ந்தது. தப்பி வந்த குருமார்கள் இந்த ஃபுஜியான் கரையில் ஒதுங்கினார்கள். ரோமிலிருந்து சீனா வரை பரவிய மதம், எல்லா இடத்திலும் அழிந்து, இந்தச் சரிவில் ‘ஒளி புத்தர் மானி’ என்ற பெயரில் ஊதுபத்தி வாங்கிக்கொண்டிருக்கிறது.

பூக்கொண்டுவந்த பாட்டியிடம் கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன்: இவர் யார்? “புத்தர்” என்றாள், இது என்ன கேள்வி என்ற முகத்தோடு. பாட்டியிடம் சரதுஸ்திரரைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பும் வழியில் சென்தாய். இப்போது காலணித் தொழிற்சாலை ஊர். திங் என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் நிறைய. அராபிய, பாரசீக வணிகர் வழியினர். கலகத்துக்குப் பிறகு ஊருக்குள் இருக்கப் பயந்து இங்கே வந்து ஒடுங்கினார்கள். சீனர் மாதிரியே முன்னோர் மண்டபம் கட்டிக் கும்பிடுகிறார்கள். ஆனால் படையலில் மட்டும் பன்றி இறைச்சி கிடையாது.

அதே வரிசையில் சீதியான் கிராமத்துச் சிறு கோயில் ஒன்று. அமர்ந்த கோலத்தில் ஒரு சிற்பம், இரு பக்கமும் பணிவிடையாளர், காலடியில் அரக்கன். சிவன் என்பார் சிலர், காளி என்பார் சிலர். ஊர்க்காரர்களுக்கு அது குவான்யின், கருணையம்மன். நான் செருப்பைக் கழற்றினேன். அங்கே யாரும் கழற்றுவதில்லை போல, எல்லோரும் என் காலையே பார்த்தார்கள்.

நாள் 6

நேற்று வரை என் நாட்கள், இன்று அண்ணன் நாள். அன்ஹாய் ஊரிலிருந்து அன்பிங் பாலத்தில் நடந்தோம். 1138-இல் தொடங்கிய கல் பாலம், கட்ட 13 வருடம் ஆனது, நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பலகைக் கற்கள் ஒவ்வொன்றும் பல டன். கீழே ஒரு காலத்தில் கடல் கழிமுகம், இப்போது குளமும் கோரையும். அண்ணன் நின்று நின்று காலால் தட்டிப் பார்த்தார். “கிரேன் இல்லாம எப்படிப் போட்டான்?” அலை ஏறும்போது கல்லைப் படகில் கொண்டுவந்து தூணுக்கு நேராக நிறுத்தி, அலை இறங்கும்போது தானாக உட்காரவிட்டார்கள் என்று படித்ததைச் சொன்னேன். பத்தடி நடந்து, “லேபர் செலவே இல்ல” என்றார்.

பாலம் முடியும் இடம் சுய்தோ. கல் வியாபார உலகத்துக்கு இந்தப் பெயர் போதும், விளக்கம் வேண்டாம். பிரேசில், ஆங்கோலா, நார்வே, இந்தியா என்று எல்லா ஊர்க் கல்லும் இங்கே வந்து அறுபடுகிறது. அண்ணனுடைய சரக்கு நின்ற யார்டில் ஒரு கறுப்பு பிளாக், என் உயரத்துக்கு மேல். பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் நம்பர், அளவு. கீழ் மூலையில், குவாரியில் யாரோ போட்ட ஒரு சின்ன ‘உ’.

நான் படம் எடுத்தேன். அண்ணன் சிரித்தார்.

“பிள்ளையார் சுழி போடாம நம்மாளு வேலை ஆரம்பிக்க மாட்டான். அது ஒன்னும் இருக்காது தம்பி. கல் அறுக்கிற கேங்சாவுல ஏத்துனா மொத ஸ்லாபோட போயிடும்.”

யார்டுக்காரர் வந்து, அண்ணனை எடை போடக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.